செம்மீனில் மற்றொரு காதல்

திருகோணமலைத் துறைமுகத்திற்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துள்ள சல்லி, கடலை நம்பி வாழும் மக்களின் ஊர். இத்தகைய கரைகளில் தோணியும் வலையும் உடையவனுக்கும் உடலுழைப்பை மட்டுமே உடையவனுக்கும் உள்ள வேறுபாடு நூலறிவால் உணரப்படுவதன்று. கரைவலை மீனைப் பங்கிடும்போதே அது கண்ணுக்குத் தெரியும். வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு போக எஞ்சியதே இழுத்தவர்களுக்கு. மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ சிறுகதையில் ஒலிப்பதும் சொந்தத் தோணிக்கான ஏக்கமே. இவ்வனுபவத்தின் வழி நோக்கும்போது, தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ (1956) வேறொரு முகம் காட்டுகின்றது.

செம்மீனைக் கறுத்தம்மா, பரீக்குட்டி இருவரின் காதற்கதையாகவே பலரும் போற்றியுள்ளனர். ராமு காரியத்தின் திரைப்படமும் (1965) அக்கருத்தையே நிலைநிறுத்தியது. ஆயின் நாவலில் மற்றொரு காதலும் உண்டு. அது கறுத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்சு கொண்டது. பரீக்குட்டி தந்த பணத்தின் துணையோடு தோணி வாங்கக் கண்டன்கோரன் இல்லம் சென்ற அவன், அங்குக் கண்ட செல்வ வாழ்விலும் இல்லத் தலைவி பாப்பிக்குஞ்சின் அழகிலும் ஒருங்கே மயங்குகின்றான். மனைவி சக்கி இறந்து, இளைய மகள் பஞ்சமி தாயற்றவளான பின்னர், கணவனை இழந்து வறுமையுற்ற பாப்பிக்குஞ்சை மணக்கின்றான். அவன் விரும்பியது அவளையா, அவள் வாழ்ந்த வாழ்வையா? இரண்டும் அவன் மனத்தில் பிரிக்கவியலாது கலந்திருப்பதைக் காட்டியமை தகழியின் வெற்றி. அவள் அவனிடம் வந்தபோது அந்த வாழ்வு அவளிடம் இல்லை. பணம் பற்றிய சச்சரவிலேயே அவ்வுறவு முறிகின்றது.

நாவலின் முரண்பாடும் இங்குதான் வெளிப்படுகின்றது. கரையில் இருக்கும் மனைவியின் கற்பே கடலிற் செல்லும் கணவனைக் காக்கும் என்னும் நம்பிக்கை, கறுத்தம்மாவின் காதலைப் பெருங்குற்றமாக்குகின்றது. சக்கி உயிரோடிருந்தபோதே பிறன் மனைவியைக் கண்டு மயங்கிய செம்பன்குஞ்சை எந்தக் கடலம்மாவும் விசாரிக்கவில்லை. அவனை வீழ்த்துவது கடனே. ஆகவே, மகளின் அழிவுக்குத் தொன்மமும் தந்தையின் அழிவுக்குப் பொருளாதாரமும் காரணமாகின்றன. ஒரே குடும்பத்தின் வீழ்ச்சிக்கு இருவேறு நீதிகளை வழங்கிய ஆசிரியர், பெண்ணுக்கு மட்டும் பழைய நீதியை விட்டுவைத்துள்ளார். நாவலின் முதன்மையான குறை இதுவே.

எனினும், இறுதியில் அக்காளின் குழந்தையை ஏந்திக் கரையில் நின்றழும் பஞ்சமி மறக்கற்பாலள் அல்லள். வர்க்க எல்லையைத் தாண்ட முயன்ற தந்தையின் ஆசைக்கு விலை கொடுத்தவள் அவள். செம்மீனைக் காதற்காவியமாக மட்டும் வாசிப்போர் காணத் தவறுவது அவளையே.