களைப்புக்கு வள்ளலாரிடம் பதில் இருக்கா?

சிதம்பரம் பக்கம் மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலாரின் 'ஜீவகாருணிய ஒழுக்கம்' உயிர்களின் துன்பங்களில் பசியோடு இச்சையையும் சேர்க்கிறது. ஆனா முதலில் நீக்க வேண்டியது பசியும் கொலையும்தான். இன்றைய செல்போன் செயலிகள் இச்சையையே பசி மாதிரி விற்கின்றன.

நூலில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. உருக்கம் வராததற்கு அறிவு மங்கியதைக் காரணம் சொல்கிறது, களைப்பைச் சொல்லவில்லை. பத்து மணிநேரம் திரையைப் பார்த்தவனுக்கு உருக்கம் எங்கிருந்து வரும்?

பதில் நூலில் இல்லை, கடலூர் மாவட்டத்து வடலூரில் இருக்கு. 1867 மே 23-ல் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்னும் எரிகிறது. யாருடைய அன்றைய மனநிலையையும் அது நம்பியில்லை. நமக்கும் அதே வழிதான்: சம்பளம் வந்த அன்றே அரிசிக்கு ஒரு பங்கை ஒதுக்கிடணும். ராத்திரிக் களைப்பில் முடிவெடுக்க விடக்கூடாது.