நந்தி மட்டும்தானா குறுக்கே நின்றது?

அரிமளத்தில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். மழைக்கு ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். 'ஏண்டா, நந்தி மாதிரி வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறே?' என்று ஒருத்தர் அதட்டினார். உள்ளே பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. அதில் போய் உட்கார எனக்கு வழியில்லை. வெளியே நின்ற நானோ வழியை மறிப்பவன் ஆகிப்போனேன்.

அசைக்கவே முடியாத தடைக்குத் தமிழில் 'நந்தி' என்று பெயர். இந்தப் பேச்சு வழக்கை நந்தன் கதையோடு சேர்த்தே சொல்வார்கள். திருப்புன்கூரில் வாசலுக்கு வெளியே நின்ற நந்தனுக்கு சாமி தெரியவில்லை. சிவன் சொல்ல, நந்தி விலகியது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதை இது. நல்லா கவனிங்க: விலகியது நந்திதான், வாசல் திறக்கவில்லை. நந்தன் நின்ற இடத்திலேயே நின்றுதான் கும்பிட்டான். தில்லைக்குள் நுழைய அவன் நெருப்பில் இறங்கி, பூணூல் போட்ட முனிவனாக வெளியே வர வேண்டியிருந்தது. பறையனாக அவன் உள்ளே போகவே இல்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இந்தக் கதைக்குள் ஒரு பண்ணையாரைக் கொண்டுவந்தார். வேதியர். நாற்பது வேலி நிலத்தை ஒரே ராத்திரியில் விளைவித்து அறுத்துக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார். அந்த வேலையையும் சிவனின் பூதகணங்கள்தான் முடிக்கின்றன.

ஆக நந்தனை மறித்தவை மூன்று: கல், நிலம், நெருப்பு. நம்ம பேச்சுவழக்கில் தங்கியது கல் மட்டும். 'அந்தப் பண்ணையாரு மாதிரி குறுக்க நிக்காதே' என்று எவராவது சொல்லிக் கேட்டதுண்டா? 'தில்லை மாதிரி நெருப்பு கேக்காதே' என்று? மறித்த மனுசர்களை மறைத்துவிட்டு, பழியை வாயில்லாத மாட்டின்மேல் போட்டது மொழி. கல்லாக இருந்தால் சாமிதான் நகர்த்தணும். ஆளாக இருந்தால் கேள்வி கேட்கலாமே!

கோயில் வாசலை விட்டு ஊராட்சி அலுவலக வாசலுக்கு வருவோம். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருசம் தேர்தல் முறையாக நடக்கவில்லை. 'அங்கே நடத்த முடியாது' என்பதே பேச்சாக இருந்தது. 2006 அக்டோபரில் அரசு முனைந்து நின்றது, தேர்தல் நடந்தது. பூதகணம் எதுவும் வரவில்லை. 'முடியாது' என்று சொன்னதற்கெல்லாம் 'விடமாட்டோம்' என்பதுதான் அர்த்தம்.

நம் எழுத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கணும், தோழர்களே. 'தடைகள் ஏற்பட்டன', 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றே நாமும் எழுதுகிறோம். ஏற்படுத்தியது யார்? மறுத்தது யார்? செய்தவன் இல்லாத வாக்கியத்தை எழுதுகிறபோது நாமே ஒரு நந்தியைச் செதுக்கி வைக்கிறோம்.

அந்த டீக்கடை வாசலில் கல் எதுவும் கிடக்கவில்லை. ஆள் உட்கார்ந்திருந்தார்.