முல்லைக்கலியில் ஏற்றின் வெற்றி

கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுவானை ஆயர்மகள் மறுபிறப்பினும் தழுவாள் என்னும் 103ஆம் பாட்டின் கூற்றையே முல்லைக்கலி ஆய்வாளர் பலரும் எடுத்துக்காட்டுவர். இதனால் ஏறுதழுவல் மணத்துக்குரிய தேர்வாகவே கருதப்பட்டுவிட்டது. அஃது ஒரு போட்டியும் ஆகும். எதிர்நின்றாரை மதிக்கும் ஆடுகளப் பண்பு அதன்கண் உண்டோ என யாம் ஈண்டு வினவுகின்றோம்.

101ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரனார் மூன்று உவமைகள் தருகின்றார். கூற்றை அட்ட சிவபெருமான், வஞ்சினம் முடித்த வீமன், தந்தையைக் கொன்றானைப் பழிதீர்த்த அசுவத்தாமன் ஆகிய மூவரும் உவமையாவது பொதுவர்க்கன்று. பொதுவரைக் குத்தி வீழ்த்திய ஏறுகளுக்கே. தம் குலத்து இளைஞன் குடர் சரிந்து கிடக்கையிலும் அவனை வென்றதன் ஆற்றலை வியக்கும் நெஞ்சம் அது.

இராமநாதபுர மாவட்டத்தில் கடலையடுத்த திருவாடானைப் பகுதியில் நிகழும் வடமாடு மஞ்சுவிரட்டிலும் இந்நெஞ்சத்தைக் காணலாம். நீண்ட வடத்தாற் பிணித்த மாட்டை ஒன்பதின்மர் குழு குறித்த நேரத்துள் அடக்கல் வேண்டும். அடங்காவிடின் மாடே வென்றதாக அறிவிக்கப்பெறும். பரிசு உரிமையாளர்க்கே சேரும். மாடு அதனை அறியாது என்பர். மெய்யே. ஆயினும் ஊரார் முன்னிலையில் அத்தீர்ப்பை ஏற்று அகல்வோர் அவ்வொன்பதின்மர் அல்லரோ?

ஏற்றைப் புகழ்தல், அதனை அடக்குவானை உயர்த்தும் உத்தியே என மறுப்பாரும் உளராவர். அங்ஙனமாயின் அவ்வுவமைகள் பிடிபட்ட ஏறுகளுக்கு அமைந்திருத்தல் வேண்டும். புலவரோ அவற்றைப் பிடிபடாது குத்தி வென்ற ஏறுகளுக்கு அளித்துள்ளார்.