பத்தாயிரத்துக்குள் 32 இன்ச்

சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்றால் டி.வி. செத்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக ஆட்கள் நடமாடுவது தெரிந்தால் போனது திரைக்குப் பின்னால் எரியும் எல்.இ.டி. பட்டைதான். அந்தப் பட்டையில் விளக்குகளைத் தொடராகக் கோத்திருப்பார்கள். ஒன்று அணைந்தால் அந்த வரிசையே அணையும். பல மாடல்களில் மொத்தத் திரையும் இருண்டுவிடும். பட்டை மாற்றும் செலவு புது டி.வி. விலையில் சிறு பங்குதான். திரையில் விரிசல் என்றால் கதை வேறு. பேனல் மாற்றக் கேட்கிற காசுக்குப் புதுப் பெட்டியே வந்துவிடும்.

காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் என் அத்தை வீட்டு டி.வி.க்கு வந்தது இரண்டாவது வியாதி. "பட்டை போயிருந்தா இன்னைக்கே மாத்திக் குடுத்துருவேண்ணே, இது பேனலு" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். ஆனால் பெட்டியை அவரே 600 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். கடைகளில் எக்ஸ்சேஞ்சுக்குச் சொன்ன தொகையைவிட அது அதிகம். பேனல் செத்தாலும் உள்ளே இருக்கும் பவர் போர்டும் ஸ்பீக்கரும் அவருக்குப் பயன்படும். பழைய இரும்புக்காரரிடம் எடை போடுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கைக் கேட்டுவிடுவது நல்லது.

அத்தையின் பட்ஜெட் பத்தாயிரம். "அதுக்கு மேல ஒத்த ரூவா கூடினாலும் ரேடியோவே போதும்ப்பா" என்றார். காரைக்கால் வானொலி கையில் இருக்கும் தைரியம்!

முன்பெல்லாம் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் டி.வி. வாங்குவதற்கென்றே ஒரு சௌகரியம் இருந்தது. புதுச்சேரி அரசின் விற்பனை வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. அதனால் நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பங்கள் ஃப்ரிட்ஜ், டி.வி. வாங்க எல்லை தாண்டி இங்கே வருவார்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. இன்று காரைக்கால் பாரதியார் சாலைக் கடைக்கும் நாகப்பட்டினத்துக் கடைக்கும் வரியில் காலணா வித்தியாசம் கிடையாது. கடைக்காரரின் ஜி.எஸ்.டி. எண் இங்கே 34 என்று தொடங்கும், அங்கே 33 என்று தொடங்கும், அவ்வளவுதான். 32 இன்ச் வரையுள்ள டி.வி.க்கு 2019 ஜனவரி முதல் 18 சதவீத வரி. அதைவிடப் பெரியதற்கு 28 ஆக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரியதற்கும் 18 என்று ஆக்கிவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டா 43 இன்ச்சே எடுத்துரலாம் சார்" என்று கடைப் பையன்கள் இப்போது உற்சாகமாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் 'கொஞ்சம்' ஏழெட்டாயிரம் என்பது ஒருபுறம். பணம் இருந்தாலும் அத்தை வீட்டுக்கு நான் 43 இன்ச் 4கே வாங்கியிருக்க மாட்டேன். அங்கே இருப்பது சாதாரண கேபிள் பெட்டி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் போட்டு இணைப்பது. அதிலிருந்து வரும் படத்துக்கு மொத்தம் 576 வரிகள். 32 இன்ச் எச்.டி. ரெடி திரையில் 768 வரிகள். கொஞ்சம் இழுத்தால் பொருந்திவிடும். 4கே திரையிலோ 2,160 வரிகள். ஒரு வரியை ஏறக்குறைய நான்காக இழுக்க வேண்டும். இரவு சீரியலும், ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழாவும் கேபிளில் பார்க்கும் வீட்டில் விலை அதிகமான திரைதான் மோசமான படம் காட்டும். இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். கடையில் ஓடுவதெல்லாம் நிறுவனம் கொடுத்த, கண்ணைப் பறிக்கும் கிளியும் நீர்வீழ்ச்சியும்.

நாங்கள் வாங்கியது 9,400 ரூபாய்க்கு ஒரு 32 இன்ச் ஸ்மார்ட் டி.வி. பிராண்டைச் சொல்லாமல் என்ன விமர்சனம் என்று கேட்கலாம். இந்த விலையில் மாடல் எண்கள் தீபாவளிக்கு ஒன்று பொங்கலுக்கு ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். பெயர்ப் பலகைக்கும் பெரிய மதிப்பில்லை. கோடக், தாம்சன், ப்ளாபுங்க்ட் மூன்றும் அமெரிக்க, பிரெஞ்சு, ஜெர்மன் பெயர்கள். மூன்றுக்கும் உரிமம் வாங்கி இந்தியாவில் டி.வி. செய்து விற்றது ஒரே நிறுவனம், சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ். இன்னும் பல பிராண்டுகளுக்கு டிக்சன் போன்ற நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. பேனல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. தாம்சன் என்ற பெயரைப் பார்த்து, இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் பாரீஸ் சரக்கு என்று மகிழ வேண்டியதில்லை. அசல் பிரெஞ்சுப் பெட்டி அந்தக் காலத்தில் இங்கே சும்மா கொடுத்தாலும் உதவியிருக்காது: அப்போது அவர்கள் ஒளிபரப்பு முறை செகாம், நம்முடையது பால்.

பெயரை விட்டுவிட்டு நான் பார்த்தது மூன்றே விஷயம்: பேனல், பின்பக்க சாக்கெட், சர்வீஸ் ஆள். பேனலை நேராக நின்று பார்த்துப் பயனில்லை. நம் வீடுகளில் டி.வி. சுவரில் உயரமாக இருக்கும், ஆட்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கடையில் நான் குந்தி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபோது கடைத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். கறுப்பு நன்றாகத் தெரியும் வி.ஏ. வகை பேனல்கள் கீழிருந்து பார்த்தால் வெளுத்துவிடும். ஐ.பி.எஸ். வகையில் இருட்டுக் காட்சி சாம்பலாகத் தெரியும், ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் முகத்தின் நிறம் மாறாது. அத்தை பாயில் படுத்துக்கொண்டே பார்ப்பவர், எனவே இரண்டாவது வகை. அட்டைப்பெட்டியில் இந்த வகை எழுதியிருக்காது. 'ஏ பிளஸ் பேனல்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்பி எதுவும் தீர்மானிக்க முடியாது. பென்டிரைவில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கொண்டுபோய் ஓடவிட்டு, குந்திப் பார்ப்பதுதான் சோதனை.

வீட்டில் மாட்டியபின் படம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் 'விவிட்' என்ற முறையில் மஞ்சள் புடவை தீப்பிடித்த மாதிரி எரிந்தது. 'ஸ்டாண்டர்ட்'டுக்கு மாற்றி, பேக்லைட்டை 100லிருந்து 60க்கு இறக்கினேன். கண்ணுக்கும் இதம், எல்.இ.டி. பட்டைக்கும் சூடு குறைவு. விலை குறைந்த டி.வி.களில் முதலில் சாவது அந்தப் பட்டை என்பதால், காசு செலவில்லாமல் ஆயுளைக் கூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பகலில் ஜன்னல் திறந்திருந்தால் இருட்டுக் காட்சிகள் தெரிவதில்லை. மின்சாரச் செலவு 40 வாட் அளவில்தான். தினம் ஐந்து மணி நேரம் ஓடினாலும் மாதம் ஆறு யூனிட்.

ஒலி சுமார். அட்டையில் 20 வாட் என்று போட்டிருக்கிறது. ஸ்பீக்கர் தரையைப் பார்த்துப் பேசுவதால் சுவரில் மாட்டினால் வசனம் அடங்கிப்போகிறது. அலமாரிப் பலகைமேல் வைத்ததும் குரல் தெளிந்துவிட்டது. சுவரில்தான் மாட்ட வேண்டும் என்பவர்கள் ஒலி அமைப்பில் 'நியூஸ்' முறையைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்மார்ட் விஷயத்தில் மட்டும் ஏமாற்றம்தான். 1 ஜிபி ராம். யூடியூப் திறக்கும், திறந்து முடிப்பதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம். ஓரிரு ஆண்டில் ஆப்கள் பெருத்து, இது இன்னும் தள்ளாடும். அதனால் நான் ஸ்மார்ட்டுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க மாட்டேன். பின்னால் தேவைப்பட்டால் தனியாக ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகிக்கொள்ளலாம், அதற்கு எச்.டி.எம்.ஐ. சாக்கெட் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், பழைய கேபிள் பெட்டிக்கு மூன்று ஒயர் ஏ.வி. சாக்கெட்டும் இருக்க வேண்டும். சில மலிவு மாடல்களில் ஏ.வி. இடத்தில் சின்ன ஹெட்போன் துளை மாதிரி ஒன்று மட்டும் இருக்கிறது. அதற்கு அடாப்டர் ஒயரைத் தேட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ரிமோட்டை அழுத்தினால் திரையில் மவுஸ் அம்பு ஊர்கிறது என்றால் அது போனுக்கான ஆண்ட்ராய்டை டி.வி.யில் ஏற்றியது. அந்தப் பெட்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இனி சர்வீஸ். காரைக்கால்காரர்களுக்குத் தலைவலியே இங்கேதான். நமக்கு மாநிலம் புதுச்சேரி, அஞ்சல் குறியீடு மயிலாடுதுறைப் பக்கத்து 609. நிறுவனங்களின் கம்ப்யூட்டர் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குழம்பிவிடுகிறது. ஆன்லைனில் விலை இன்னும் குறைவாக இருந்த ஒரு பிராண்டின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டு, 609606க்கு ஆள் எங்கிருந்து வருவார் என்று கேட்டேன். புதுச்சேரியிலிருந்து என்றார்கள். நடுவே மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்களைக் கடந்து 130 கிலோமீட்டருக்கு மேல். இருபது கிலோமீட்டருக்குள் நாகப்பட்டினம் இருக்கிறதே என்றால், "அது வேற ஸ்டேட் சார்." அந்த டி.வி.யை அத்தோடு விட்டேன். வாங்கிய பிராண்டுக்குக் கும்பகோணத்திலிருந்து ஆள் வருகிறார். சுவரில் மாட்டும் கம்பியோடு சொன்ன நாளில் வந்தார். விலையில் 900 ரூபாய் கூடுதல், அது இந்த ஆளுக்கான காசு.

கடற்கரை ஊர் என்பதால் இன்னும் இரண்டு சங்கதி. உப்புக் காற்று சாக்கெட்டின் பித்தளையைப் பச்சையாக்கும். காலி சாக்கெட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே மாட்டாதீர்கள். ஸ்டெபிலைசர் அநேகமாகத் தேவையில்லை. டி.வி.யின் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால் லோ வோல்டேஜை அதுவே சமாளிக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிதான் எமன். அது கரண்ட் வழியாக மட்டும் வராது; மொட்டை மாடி கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸில் இறங்கி, அங்கிருந்து டி.வி. போர்டுக்குப் போகும். ஸ்பைக் கார்டு கேபிள் பக்கத்தைக் காக்காது. இடிச் சத்தம் கேட்டால் பிளக்கையும் கேபிள் பின்னையும் சேர்த்தே பிடுங்க வேண்டும். அத்தைக்கு எட்டும் உயரத்தில் இரண்டையும் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கேபிளும் கொஞ்சம் யூடியூபும் பார்க்கும் வீட்டுக்கு இந்த 32 இன்ச் போதும். ஓ.டி.டி.யில் தினம் படம் பார்ப்பவர்களும், பிள்ளைகள் கேம் ஆடும் வீட்டினரும் பத்தாயிரத்தில் திருப்தி அடைய மாட்டார்கள். அவர்கள் அடுத்த தள்ளுபடி வரை பொறுத்து, 2 ஜிபி ராம் உள்ள 43 இன்ச்சைப் பார்க்கட்டும். அப்போதும் 609ஐச் சொல்லி, ஆள் எங்கிருந்து வருவார் என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.