பாதை எது, வேலி எது?

ஊர்காவற்றுறையில் நின்று "பாதை எங்கே?" என்று கேட்டால் கடலைக் காட்டுவார்கள். காரைநகருக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவைக்கு அங்கே அதுதான் பெயர். வரைபட மென்பொருளுக்கோ இப்படியான கடல்வழி ஒரு புள்ளிக்கோடு. தார் ரோட்டின் தொடர்ச்சியாக அதை எண்ணி, அக்கரைக்குப் போய்ச்சேரும் நேரத்தையும் சொல்லிவிடும். பாதை இன்றைக்கு ஓடுகிறதா, பழுதென்று கட்டிப்போட்டிருக்கிறார்களா என்பதை இறங்குதுறையில் நிற்பவரிடம்தான் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத் தீவகத்தில் மலைச்சைக்கிள் ஓட எந்த ஜி.பி.எஸ், எந்த மென்பொருள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

மலையே இல்லாத இடத்தில் மலைச்சைக்கிள் எதற்கு என்று சிரிப்பவர்கள் நெடுந்தீவுக்குப் போகாதவர்கள். மாவிலித்துறையில் இறங்கி, பெரிய வீதியை விட்டு விலகினால் முருகைக்கல் துண்டுகள் பரவிய ஒழுங்கை, அதைத் தாண்டினால் தரவை, பிறகு மணல். ஒல்லி ரயர் அங்கே ஒரு மணித்தியாலம் தாங்காது. ஆகவே சைக்கிள் சரி. கருவியில்தான் பிசகு. மலைச்சைக்கிள்காரருக்கென்று விற்கப்படும் ஜி.பி.எஸ்ஸின் விலையில் பெரும்பங்கு உண்மையிலேயே மலைக்காகக் கொடுப்பது.

உயரத்தையே எடுத்துக்கொள்வோம். சமவுயரக் கோடு, ஏற்ற இறக்க வரைவு என்று மென்பொருள்கள் காட்டுவதில் பெரும்பகுதி 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் கொண்டு அளந்த தரவிலிருந்து வருகிறது. அந்த அளவீட்டுக்கு வகுத்திருந்த பிழை வரம்பு 16 மீற்றர். நெடுந்தீவின் மேட்டுநிலமோ ஒரு பனையின் பாதி உயரத்தையும் எட்டாது. போதாததற்கு, மரங்கள் அடர்ந்த இடத்தில் ராடார் இலைத்தலையில் பட்டுத் திரும்பிவிடும். ஆக, ஒரு நாள் முழுக்கத் தீவைச் சுற்றிவிட்டு "இன்றைக்கு ஏறிய உயரம்" என்று திரையில் நாம் பெருமையோடு பார்ப்பது அனேகமாகப் பனங்கூடல்களின் உயரம். இதற்காக ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

இங்கே ஏற்றம் என்றால் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் மிதிப்பவருக்கு இருபுறமும் கடல், மறைப்புக்கு ஒரு பூவரசும் கிடையாது. வாடைக்காலத்தில் போகும்போது பறக்கலாம், திரும்பும்போது அழலாம். எந்தக் கருவியின் நேரக்கணக்கிலும் இது இல்லை. போகும் வேகத்தை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணித்தவர்கள் இறங்குதுறையில் படகின் பின்புறத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது துல்லியம். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா வேண்டுமென்றே புகுத்திவந்த பிழையை நீக்கிய பிறகு, சாதாரண ஜி.பி.எஸ் வெட்டவெளியில் சில மீற்றருக்குள் இடம் சொல்கிறது. புதிய உயர்விலைக் கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளைப் பிடிப்பதாக விளம்பரப்படுத்துகின்றன. அது உண்மை. பயனும் உண்டு, பள்ளத்தாக்கிலும் மாடிக் கட்டடங்களுக்கு நடுவிலும். அலை பாறையிலோ சுவரிலோ தெறித்து வந்து கருவியை ஏமாற்றுவது அங்கேதான். நயினாதீவில் அம்மன் கோவில் கோபுரத்தை விட்டால் வானத்தை மறைக்க என்ன இருக்கிறது? 2023 இல் 500 டொலருக்கு வந்த கார்மினின் ஜி.பி.எஸ்.மேப் 67 இந்தத் தீவுகளில் செய்யக்கூடியதை 2019 இல் 200 டொலருக்கு வந்த ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் செய்துவிடும். அதைவிட 100 டொலர் கூடிய 32எக்ஸில் திசைகாட்டியும் காற்றழுத்தமானியும் கூடுதல். சைக்கிள் உருளும்போது ஜி.பி.எஸ்ஸே திசை சொல்லிவிடும், காற்றழுத்தம் பார்த்து அளக்க இங்கே உயரம் கிடையாது. 32எக்ஸ் வேண்டாம்.

ஆனால் அந்தச் சில மீற்றர் நெடுந்தீவில் சிறிய விஷயமும் அல்ல. கல்வேலியைக் கிட்ட நின்று பார்த்தவருக்கு இது புரியும். சாந்தில்லை, சீமெந்தில்லை. தேன்வதை மாதிரித் துளைவிழுந்த முருகைக்கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியே நெஞ்சளவுக்கு எழுப்பியிருப்பார்கள். சைக்கிள் கைபிடி உரசினால் கல் உதிராது, நம் விரல்முட்டித் தோல்தான் உரியும். இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒழுங்கை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் வேலியும் வெளிறிய கோடு, ஒழுங்கையும் வெளிறிய கோடு. எங்கோ தூரத்தில் கணினிமுன் இருந்து வரைபவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? திரையில் வழி என்று கண்ட கோட்டைப் பிடித்துக்கொண்டு போய் ஒருமுறை படலையில் முட்டினேன். வளவுக்குள் நின்ற பெரியவர் கருவியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "தம்பி, உதாலை வழியில்லை. அது வேலி." "மப்பிலை இருக்கு ஐயா." "மப்பிலை இருக்கும். இஞ்சை இல்லை."

அவர் சொன்னதுதான் என் அளவுகோல். கருவியின் தரத்தைவிட வரைபடத்தின் தரம் முக்கியம். வரைபடத்தின் தரமோ அங்கே நடந்து திரிந்து திருத்தியவர்கள் எத்தனை பேர் என்பதில் இருக்கிறது. 2004 இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் இதனால்தான் முன்னே நிற்கிறது. அந்தக் கோடு பிழையென்றால் நானே அழிக்கலாம்.

வழியில் நிற்கும் இன்னொரு பொறி பழைய நில அளவைத் தாள்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்கள் கண்டவல என்னும் ஆள்கூற்று ஆதாரத்தில் வரையப்பட்டவை. ஜி.பி.எஸ் பேசுவது உலகப் பொது ஆதாரத்தில். அமைப்பில் மாற்றாமல் ஒன்றின் எண்ணை மற்றதில் குறித்தால் பல நூறு அடி தள்ளி விழும். கரையோரத்தில் நிற்கும் ஆளைக் கடலுக்குள் நிறுத்த அது போதும். கார்மின் கருவிகளின் பட்டியலில் கண்டவல உண்டு, தேடி எடுக்க வேண்டும்.

பெயர்களும் அப்படித்தான். வேலணைத்தீவுக்கு ஒல்லாந்தர் லைடன் என்று பெயர் வைத்தார்கள், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம். அவையெல்லாம் உதிர்ந்துபோக நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டும் ஒட்டிக்கொண்டது. தேடற்பெட்டியில் அதைத் தட்டினால் சிலவேளை நெதர்லாந்துக்கே கொண்டுபோய்விடும். ஈட்ரெக்ஸ் போன்ற சிறு கருவியில் தமிழ் எழுத்தை எதிர்பார்க்க முடியாது. கைபேசியில் முடியும், வரைபடத்தில் யாரேனும் தமிழில் எழுதி வைத்திருந்தால்.

அப்படியானால் கைபேசியே போதாதா? கிட்டத்தட்டப் போதும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எதிர்க்கட்சியின் வாதம் பலமானது. மத்தியானத் தரவை வெயிலில் கைபேசித் திரை மங்கும், கொஞ்ச நேரத்தில் சூடேறி ஓய்ந்தும் போகும். கைக்கருவியின் திரை வெயில் கூடக்கூடத் தெளியும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் தெறிக்கும் உப்புநீரும் வியர்வையும் தொடுதிரையைக் குழப்பும், பொத்தானைக் குழப்பாது. ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும் என்ற ஐபிஎக்ஸ்7 உறுதி இரண்டிலும் இருக்கலாம், ஆனால் அது நன்னீரில் செய்த சோதனை. உப்பு மின்னேற்றும் துளையில் இருந்துகொண்டு மெதுவாக வேலை செய்யும்.

பற்றரியில் கைக்கருவிக்கு என் மனச்சாய்வும் உண்டு. 22எக்ஸ் இரண்டு பென்ரோச் பற்றரியில் 25 மணித்தியாலம் ஓடும், கடைசிப் பெட்டிக்கடையிலும் அவை கிடைக்கும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் அதே பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வரக்கூடாத பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். பற்றரி கடையில் தொங்குவதைக் கண்டால் இப்போதும் இரண்டு சோடி வாங்கிவிடுகிறேன். இருந்தாலும் நியாயம் பேசினால், ஒரு பவர்பாங்க் அந்த வாதத்தை முடித்துவிடுகிறது. முருகைக்கல் குலுக்கலில் பற்றரி முனை விலகி, பதிவு பாதியில் அறுந்த பழைய கருவி ஒன்றும் என்னிடம் இருந்தது. பற்றரிக்கும் முனைக்கும் நடுவே சிகரெட் பெட்டித் தாள் மடித்து வைத்து ஓட்டினேன்.

மென்பொருளில் போட்டி கடினமில்லை. கூகுள் மேப் இணையமின்றி வாகன வழியை மட்டும் சொல்லும். சைக்கிளுக்குச் சொல்லாது. ஆகவே தள்ளலாம். 2021 இல் வந்த ஓர்கானிக் மேப்ஸ் எளிமையானது, விளம்பரமில்லை, வேவு பார்ப்பதில்லை. நயினாதீவுக்குக் கும்பிடப் போகும் வழியில் நாலைந்து சதுர கிலோமீற்றரைச் சுற்றுபவருக்கு அது தாராளம். நெடுந்தீவுக்கு ஓஸ்மாண்ட். பழக இரண்டு நாள் பிடிக்கும், பட்டியலுக்குள் பட்டியலாக அலுப்புத் தரும். ஆனால் போன தடத்தைப் பதியலாம், இணையமின்றியே நின்ற இடத்தில் ஒரு கிணற்றைக் குறித்துவைத்துப் பிறகு ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு அனுப்பலாம். அன்ட்ராய்டில் இலவசப் பதிப்பு ஏழு வரைபடக் கோப்புகள் வரை தரும், இலங்கைக்கு ஒன்று போதும். காசு கேட்பதில் ஒன்று சமவுயரக் கோட்டுக்கு. நமக்கு அது எதற்கு?

ஒரு எச்சரிக்கை. 2015 இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. தீவுகளில் கடற்படை முகாம்களும் உண்டு. தடத்தை அப்படியே ஊருக்குக் காட்டுவதற்கு முன், 2018 இல் ஸ்ட்ராவாவின் வெப்பவரைபடம் உலகெங்கும் இராணுவத் தளங்களைக் காட்டிக்கொடுத்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள். போர் நடந்த மண் இது. ஆள் போன தடம் தெரியாத பற்றைக்குள் எந்தக் கோட்டை நம்பியும் இறங்க வேண்டாம்.

தீர்ப்பு இதுதான். தீவகத்துக்கென்றே கைக்கருவி வாங்காதீர்கள். கைபேசி, ஓஸ்மாண்ட், பவர்பாங்க், நீர்புகாப் பை, படகு நேரம் எழுதிய ஒரு துண்டுக் கடதாசி போதும். வேறு பயணங்களுக்கும் வேண்டுமென்றால் 22எக்ஸ், அதற்குமேல் வேண்டாம். நெடுந்தீவில் ஓடுபவருக்கு வழியைவிட முதலில் தேவைப்படுவது எந்தக் கிணறு நன்னீர், எது உவர் என்பது. நீங்கள் தண்ணீர் குடித்த கிணற்றை, ஊரார் சொல்லும் பெயரோடு, தமிழில், வரைபடத்தில் ஏற்றிவிட்டுப் படகேறுங்கள்.