கட்டளையிட்டால் கடமை ஆகிவிடுமா?

கொலை கூடாது, வாக்குத் தவறக் கூடாது என்பதெல்லாம் கடவுள் ஆணையிட்டதால்தான் கடமையாகின்றனவா? ஆம் என்கிறது தெய்வக் கட்டளைக் கோட்பாடு. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது.

நல்ல செயல் எல்லாமே கடமை அல்ல. முன்பின் தெரியாதவருக்குச் சிறுநீரகம் கொடுப்பது நல்லது; கொடுக்காதவரை யாரும் குறை சொல்வதில்லை. வாங்கிய கடனைத் திருப்பித் தராதவரைக் குறை சொல்கிறோம். கடமை என்றால் யாருக்கோ பதில் சொல்லியாக வேண்டும். அந்த ‘யார்’ என்ற இடத்தை இக்கோட்பாடு நிரப்புகிறது. சட்டம் தரும் கடவுளைக் கைவிட்ட பிறகும் ஒழுக்கக் கடமை பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்று மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கம் 1958இல் வாதிட்டதும் இதையொட்டித்தான்.

பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’ உரையாடலிலிருந்து கிளைத்த எதிர்க்கேள்வி பழையது: கடவுள் கொடுமையை ஏவினால் அதுவும் கடமையா? அன்பே உருவான கடவுளின் கட்டளை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று மெய்யியலாளர் ராபர்ட் ஆடம்ஸ் 1973இல் திருத்தம் சொன்னார். இதனால் தான்தோன்றித்தனம் என்ற குற்றச்சாட்டு பெருமளவு விலகுகிறது. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் மெய்யியலாளர் ரால்ஃப் கட்வொர்த் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது: கட்டளைக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும்? ‘கீழ்ப்படி’ என்று இன்னொரு கட்டளை போட்டுப் பயனில்லை. படைத்தவருக்கு நன்றி என்றால், நன்றிக்கடன் கட்டளைக்கு முன்பே வந்துவிடுகிறது.

மகனைப் பலி கேட்ட இரண்டு கதைகளை ஒப்பிட்டால், கட்டளைக்கு முன்பே கடமை இருப்பது தெளிவாகும். விவிலியத்து ஆபிரகாமுக்கு நேரடியாகவே ஆணை வருகிறது. மகனைக் கொல்லக் கூடாது என்பது உறுதி, பேசுவது கடவுள்தானா என்பது உறுதியில்லை என்று அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்றார் மெய்யியலாளர் காண்ட். பெரியபுராணத்துச் சிறுத்தொண்டருக்கோ ஆணையே வரவில்லை. பைரவக் கோலத்து அடியாராக வந்து பிள்ளைக் கறி கேட்டவர் சிவபெருமான் என்பதும் அவருக்குத் தெரியாது. அடியாருக்கு அமுதிட்ட பின்னரே உண்பது என்ற தம் நியமத்துக்கே அவர் கட்டுப்பட்டார். அந்த நியமம் ஒரு குழந்தையின் உயிரைவிடப் பெரிதா என்பது வேறு கேள்வி. என்னைக் கேட்டால் இல்லை. ஆனால் அவரைக் கட்டியது ஏவல் அல்ல, ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட பொறுப்பு.

ஆகவே கட்டளை கடமைக்கு வடிவம் தரலாம்: எந்த நாளில் நோன்பு, எவ்வளவு தானம் என்று வகுக்கலாம். கடமைக்கு வேர் அதுவல்ல, அதற்கு முன்பே இருக்கும் பொறுப்புதான். அந்த வேரை ஏற்கும் பக்தர், ‘இது கடவுள் சொல்லக்கூடியதுதானா’ என்று கேட்கவும் உரிமை பெறுகிறார். அவரை நாத்திகர் என்று வாயடைப்பவர்கள் காப்பாற்றுவது கடவுளை அல்ல, கடவுள் பெயரில் தாங்கள் இடும் ஆணையைத்தான்.