வீங்கிய நடை

இங்கிலீஷ் மதிப்புரைக்காரர்களிடம் ‘டர்ஜிட்’ என்றொரு வார்த்தை எப்போதும் தயாராக இருக்கிறது. பிடிக்காத நாவல் ஒன்றைக் கீழே வைத்ததும் அதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். படிக்க அலுப்பாக இருந்தது என்று சொல்லத்தான் பெரும்பாலும் இந்தப் பதம் உபயோகமாகிறது. ஆனால் அதன் பொருள் அலுப்பல்ல, வீக்கம். ஒருவனுடைய பல வருஷ உழைப்பை ஒற்றை வார்த்தையில் தீர்த்துக்கட்டுகிறவர், அந்த வார்த்தையின் அர்த்தத்தையாவது அறிந்திருக்க வேண்டாமா?

லத்தீனில் வீங்குவதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து வந்தது அது. எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது, விஷயம் சொற்பம், வார்த்தை அபாரம் என்பது குற்றச்சாட்டு. அந்த வார்த்தைகளும் மார்பை நிமிர்த்திக்கொண்டு வருகிறவை. வறண்டு மெலிந்த நாவலும் அலுப்புத் தட்டும்தான். அதைப் போய் வீங்கியது என்பது, பட்டினி கிடந்தவனுக்குப் பேதி மருந்து கொடுக்கிற கதை. கலங்கிய நீரைக் குறிக்கும் ‘டர்பிட்’டோடு இதைக் குழப்புகிறவர்களும் உண்டு. கலங்கல் தெளிய வேண்டும், வீக்கம் வற்ற வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்லவே.

வேடிக்கை என்னவென்றால், இன்டர்மீடியட்டில் நான் படித்த தாவர சாஸ்திரத்தில் இதே சொல் ஆரோக்கியத்தின் அடையாளம். செல்லுக்குள் நீர் நிறைந்து சுவரை உள்ளிருந்து அழுத்தினால் அந்தச் செல் ‘டர்ஜிட்’. இலை விறைப்பாக விரிந்திருப்பதும் இளந்தண்டு நிமிர்ந்து நிற்பதும் அந்த அழுத்தத்தால்தான். நீர் வற்றினால் செடி துவண்டுவிடும்.

நாவலிலும் இந்த இருவகை வீக்கமும் உண்டு என்பது என் அபிப்பிராயம். ‘போரும் வாழ்வும்’ என்று நாம் தமிழில் அறிந்த டால்ஸ்டாயின் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ராஸ்டோவ் குடும்பத்தார் ஓநாய் வேட்டைக்குப் போகிறார்கள். பிரெஞ்சுக்காரி வளர்த்த நடாஷா, அன்று மாலை நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆடுகிறாள். கதை ஓர் அடிகூட நகரவில்லை. ஆனாலும் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டால் அந்தக் குடும்பமே வாடிப்போகும். உள்ளே இருப்பது நீர்.

கடைசியில் சரித்திரத்தைப் பற்றிப் 12 அத்தியாயங்கள் வருகின்றனவே, அங்கேதான் எனக்கு வீக்கம் தட்டுப்படுகிறது. கதை ஏற்கெனவே காட்டிவிட்டதை ஆசிரியர் மறுபடி நிரூபிக்க உட்காருகிறார். அவருக்கும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். 1873-ஆம் வருஷப் பதிப்பில் இத்தகைய விசாரங்களைக் கதையிலிருந்து பிரித்துப் பின்னால் தனியாக வைத்தார். பிற்காலப் பதிப்புகளில் அவை பழைய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டன.